அக்காவுக்குப் படையல்

போட்டோவுக்கு மாலை போட்ட கையோடு கதவைச் சாத்தியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆணியில் நேராகத் தொங்குகிறதா என்று பார்க்க ஸ்ரீதேவி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொருவரும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, உன் போட்டோவுக்கே மால போட்டுகினு கீற?"

வீட்டுக்காரம்மாவின் தம்பி திருவேங்கடம். கையில் தினசரி, தோளில் துண்டு. அக்காவின் வீட்டை சினிமாவுக்கு விட்ட நாளிலிருந்து அவருக்கு வேறு வேலையே இல்லை.

"படத்துக்காக சார். கதையில நான் செத்துப்போனவ."

"அடப்பாவமே. அப்ப ஜன்னலாண்ட குந்திகினு அழுவுதே ஒரு பொண்ணு, அதுக்கு நீ இன்னா வேணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் ஸ்ரீதேவி பயந்துகொண்டிருந்தாள்.

பிரதீபா எடுக்கும் படத்தில் மொத்தமே இரண்டு பெண்கள். ஒருத்தியை ஒருத்தி நேசித்து, ஒரு கடலோர வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஒருத்தி இறந்துபோகிறாள். மற்றவள் அந்த வீட்டில், அந்த ஜன்னலில், அவள் இல்லாமல் எப்படி மூச்சு விடுவது என்று பழகிக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. இருப்பவளாக நடிக்கக் கீர்த்தனா வந்திருந்தாள். இறந்தவளுக்குச் சுவரில் தொங்குவதைத் தவிர வேலை இல்லை என்பதால், அந்த வேடம் பிரதீபாவின் ஹாஸ்டல் தோழியும், செங்கல்பட்டில் ஒரு கூட்டுறவு வங்கிக் கிளார்க்குமான ஸ்ரீதேவிக்குக் கிடைத்தது. மஞ்சள் காமாலை என்று மேனேஜரிடம் பொய் சொல்லிவிட்டு, தோழிக்கு உதவியாக வந்தவள்.

"இல்லாமப் போனா ஏங்க வைக்கிற முகம்டி உனக்கு" என்றாள் பிரதீபா. அது பாராட்டா என்று ஸ்ரீதேவி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மாமல்லபுரத்தில் முதலில் கிடைத்த வீட்டில் பிரதீபா கதையை உள்ளது உள்ளபடி சொன்னாள். மத்தியானத்துக்குள் கேமராப் பெட்டி தெருவில் இருந்தது. புதுப்பட்டினத்தில் இந்த வீடு கிடைத்தபோது யாரும் கதை கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. பாதிப் படம் முடிந்துவிட்டது. இனி இந்த ஜன்னலை விட்டால் படமே இல்லை. இப்படி ஒரு ஜன்னல், எதிரே கடல், கடலைப் பார்த்தபடி அருகருகே இரண்டு பிரம்பு நாற்காலிகள், வேறு எங்கே கிடைக்கும்?

"அக்கா" என்றாள் ஸ்ரீதேவி. "நான் அந்தப் பொண்ணுக்கு அக்கா, சார்."

திருவேங்கடம் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். வாழ்க்கையில் இரண்டாவது பொய்யும் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் ஸ்ரீதேவிக்கே ஆச்சரியம். பக்கத்திலிருந்த பிரம்பு நாற்காலியில் தொப்பென்று உட்காரப் போனாள்.

"அதுல உக்காராத கண்ணு." டீ டம்ளர்களோடு வீட்டுக்காரம்மா சம்பூர்ணம் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அதிகம் பேச மாட்டாள். "அது கல்யாணி சேரு."

வாசலிலிருந்து திருவேங்கடத்தின் குரல் வந்தது. "எங்க பெரியக்கா. அவங்களும் டீச்சருதான். போயி ரொம்ப வருசம் ஆவுது. இது இன்னும் அந்த சேர எட்த்துப் போட வுடமாட்டேங்குது."

சம்பூர்ணம் நாற்காலியின் கைப்பிடியை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை திருவேங்கடம் கலங்கிய முகத்தோடு வந்தார்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேம்மா. அக்கா செத்துட்டா சரி. அக்கா புருஷன் எங்க?"

"துபாய்ல இருக்காரு சார்."

"பொண்டாட்டி சாவுக்கே வரலியா அந்த ஆளு?"

"லீவு கிடைக்கலை."

"இன்னா கம்பெனிமா அது" என்று அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "வரச் சொல்லு. வந்து தங்கச்சியக் கட்டிகிட்டா அது ஏன் ஜன்னலப் பாத்துகினு அழுவப் போவுது? நம்ம பக்கம் இப்பிடித்தானே வழக்கம்? படமும் நல்லபடியா முடிஞ்சிடும்."

"நல்ல யோசனை சார், டைரக்டர்கிட்ட சொல்றேன்" என்றாள் ஸ்ரீதேவி, அவரை அனுப்பினால் போதும் என்று.

சாயங்காலம் துபாயிலிருந்து அத்தான் வந்துவிட்டார். சலவை வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கையில் பெட்டி. மீசைக்கு மை பூசியிருந்ததால் ஐந்து வயது குறைந்திருந்தார்.

"யாரு சார் இது?" என்றாள் பிரதீபா.

"நாந்தாம்மா. வேற ஆளு தேடி நீங்க ஏன் அலையணும்?"

பிரதீபா ஸ்ரீதேவியைப் பின்கட்டுக்கு இழுத்துப்போனாள். "என் படத்துல ஆம்பளையே கிடையாதுடி."

"பிலிம் போடாம ஓட்டு. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

கேமரா உர்ரென்று ஓடியது. உள்ளே பிலிம் இல்லை. அத்தான் பெட்டியை வைத்துவிட்டு, "அழுவாத. நான் வந்துட்டேன்" என்றார். கீர்த்தனா சிரிப்பை அடக்க முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"இன்னா நடிப்பு" என்று திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே தாலி கட்ட வேண்டியதுதான்."

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள்.

"பயப்படாதம்மா, சினிமாத் தாலிதானே" என்றார் அவர் பெருந்தன்மையாக.

ஸ்ரீதேவி யோசித்தாள். தள்ளிப்போட வேண்டும். அதற்கு ஒரு தடை வேண்டும். "அதெப்படி சார் உடனே கட்ட முடியும்? செத்துப்போன அக்கா சம்மதிக்க வேண்டாமா?"

சொல்லி முடித்ததுமே செய்த தப்பு புரிந்தது. திருவேங்கடத்தின் முகம் பிரகாசமாகிவிட்டது.

"அதச் சொல்லு. பூவோட, தாலியோட போனவ, வூட்டுக்குச் சாமியா நிக்குற பூவாடைக்காரி அவதானே? அவளக் கூப்ட்டு, பொடவ வெச்சுப் படைக்காம தாலி கட்டுனா குடும்பம் வெளங்குமா? நாளைக்கே படையல் போட்ருவோம்."

"சும்மா நடிப்புக்குத்தானே சார்?"

"படையல்ல இன்னாம்மா நடிப்பு? அது நெசமாத்தான் போடணும். தெருவுல பொம்பளைங்களுக்கெல்லாம் சொல்லிட்றேன்."

அன்றிரவு தன் போட்டோவைப் பார்த்தபடி ஸ்ரீதேவிக்குத் தூக்கம் வரவில்லை. தன்னைக் கூப்பிட்டுப் படைக்கப் போகிறார்கள் என்று செங்கல்பட்டில் அம்மாவுக்குத் தெரிந்தால், காமாலை என்பது போய் நிஜமாகவே ஏதாவது வந்துவிடும்.

மறுநாள் அடுப்படியில் கொழுக்கட்டை வெந்தது, வடை பொரிந்தது. எல்லாவற்றையும் செய்தது சம்பூர்ணம்தான். யாரும் சொல்லாமலே டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு புடவையும் எடுத்து வந்தாள். அரக்கு நிறம், மெல்லிய நூல் புடவை. மடிப்பெல்லாம் வெளுத்து, அந்துருண்டை வாசனை அடித்தது.

"புதுசு வெக்கணும்க்கா" என்றார் திருவேங்கடம்.

"இதுதான் வெக்கணும்."

"சரி, கெணத்தாண்ட போயி கொடத்துத் தண்ணில அவளக் கூப்ட்டாருவோம், வா."

"கெணத்துக்கு ஏண்டா வரப்போறா? கடலுக்குப் போலாம்."

அக்கா இத்தனை பேசி அவர் பார்த்ததில்லை போலும். உடனே குடத்தைத் தூக்கினார்.

வெயில் சாய்ந்து, கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்த கோடு கரைந்துகொண்டிருந்த நேரம். மணலில் சம்பூர்ணம் முன்னால் நடந்தாள். தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் பின்னால். முழங்கால் தண்ணீரில் நின்று அவள் குடத்தைச் சாய்த்தபோது, ஓர் அலை யாரோ கையால் ஊற்றுவதுபோல வந்து அதை நிரப்பிவிட்டுப் போனது. மஞ்சள் தடவி, வேப்பிலை செருகி, குடத்தைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுக்காமல் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். வழியெல்லாம் குடத்தோடு மெல்ல ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். தளும்பிய தண்ணீர் அவள் புடவையை நனைத்தது. காற்றே நின்றுவிட்டது போலிருந்தது.

பிரதீபா கேமராவைத் திறந்து அவசரமாகப் பிலிம் சுருளை மாட்டிக்கொண்டிருப்பதை ஸ்ரீதேவி கவனித்தாள்.

ஜன்னலுக்குக் கீழே இலை போட்டு, குடம் வைத்து, புடவை வைத்து, சாம்பிராணி போட்டார்கள். புகைக்கு நடுவில் ஸ்ரீதேவியின் போட்டோ சிரித்தது. தாம்பாளத்தில் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு தயாராக இருந்தது. மையிட்ட மீசையோடு திருவேங்கடம் கைகூப்பினார்.

"தாயே, யார் மேலயாவது எறங்கி வந்து சொல்லு. உன் தங்கச்சியக் கட்டிக்க சம்மதமா?"

யார் மேலும் அவள் இறங்கவில்லை. "மௌனம் சம்மதம்தான்" என்று அவர் கயிற்றை எடுத்தார். கீர்த்தனா பிரதீபாவைப் பார்த்தாள். பிரதீபா ஸ்ரீதேவியைப் பார்த்தாள். கயிறு கீர்த்தனாவின் கழுத்தருகே வந்துவிட்டது.

ஸ்ரீதேவி கண்ணை மூடிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள்.

"நிறுத்து."

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "வந்துட்டா, வந்துட்டா."

"எனக்குச் சம்மதம் இல்ல."

"ஏன் தாயே? இன்னா கொற?"

குறை என்ன சொல்வது? ஸ்ரீதேவிக்குத் தெரிந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. காமாலை, அக்கா, துபாய். இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"அவ என் தங்கச்சி இல்ல."

"பின்ன யாரு?"

"என்கூட வாழ்ந்தவ." குரல் அவளை அறியாமலே தழைந்தது. "இந்த வீட்டுல, இந்த ஜன்னல்கிட்ட, நானும் அவளுமா வாழ்ந்தோம். நான் போயிட்டேன். அவ இன்னும் எனக்கும் சேத்து டீ போட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவள யாருக்கும் கட்டி வெக்காதீங்க. அழணும்னா அழட்டும்."

கடலின் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குக் கீழே, நிற்காமல் ஓடும் கேமராவின் உர்.

போயிற்று, என்று நினைத்துக்கொண்டாள் ஸ்ரீதேவி. மாமல்லபுரத்தைப் போல இங்கேயும் கேமராப் பெட்டி தெருவுக்கு வரும். பிரதீபாவின் படம் பாதியில் நிற்கும். ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தாள். திருவேங்கடம் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். ஆனால் அவர் ஸ்ரீதேவியைப் பார்க்கவில்லை. தன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பூர்ணம் எழுந்தாள். இலையின் முன்னாலிருந்த அரக்குப் புடவையை எடுத்து உதறி, ஸ்ரீதேவியின் தோளில் போர்த்தினாள். கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப் போய், யாரையும் உட்காரவிடாத அந்த நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். கண் நனைந்திருந்தது. உதட்டோரம் லேசாகச் சிரித்தது.

"குந்து கல்யாணி. இந்தப் பையனும் இத்தினி வருசமா உன்ன என் அக்கான்னுதான் ஊருக்குச் சொல்லிகினு கீறான்."