கையைப் பார்த்து எய்ட்ஸ் கண்டுபிடித்த சுவாமிகள்

1997-ல் ஒரு நாள், ஓசூர் ரோட்டிலிருந்த எங்கள் கல்லூரிக்குள் நுழைய இடமில்லை. பொம்மனஹள்ளியிலிருந்துகூட ஆட்டோ வைத்து வந்திருந்தார்கள். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். கையைத் தாளில் வைத்தால் போதும், எய்ட்ஸ் உண்டா இல்லையா என்று ரத்தசுத்தி சுவாமிகள் சொல்லிவிடுவாராம். விஞ்ஞானம் தோற்றது போங்கள்.

அவரை அழைத்த கமிட்டியில் நானும் ஒருவன். எய்ட்ஸ் தடுப்புக்கென்று கல்லூரிக்கு நிதி வந்திருந்தது. அதில் டாக்டர், ரத்தப் பரிசோதனை, ஆணுறை வேண்டும் என்றார் நர்ஸ் ராஜலக்ஷ்மி. கடைசிச் சொல் காதில் விழுந்ததும் பிரின்சிபால் ரங்கா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"ஹோக்லி, போகட்டும் விடுங்க சிஸ்டர், நம்ம பசங்க அப்படியெல்லாம் இல்ல."

நிதி சுவாமிகளுக்கு என்று முடிவானது. முதல் கையெழுத்து என்னுடையது. என் பாடம் கெமிஸ்ட்ரி என்பதை இப்போதே சொல்லித் தொலைக்கிறேன்.

சீடர் உள்ளங்கையில் தீர்த்தம் ஊற்றுவார். ஈரக் கையை மஞ்சள் தோய்த்த தாளில் பதிக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் சுத்தம், சிவந்தால் நோய். முன்கூட்டியே அவரிடம் ரட்சைக் கயிறு வாங்கியவர்கள் எல்லோரும் சுத்தம். நானும் வாங்கியிருந்தேன், பரம சுத்தம்.

கயிறு வேண்டாம் என்ற தங்கவயல் பையன் சில்வெஸ்டர் கை வைத்தான். தாள் சிவந்தது.

"சாயங்காலத்துக்குள்ள ஹாஸ்டல காலி பண்ணு" என்றார் ரங்கா.

"நாளைக்கு எக்ஸாம் சார். நான் ஒண்ணும் பண்ணல சார்" என்று அவன் என்னைப் பார்த்தான். ஒட்டிக்கொள்ளுமோ என்று நான் தள்ளி நின்றேன். வெட்கக்கேடு.

ராஜலக்ஷ்மி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நோய் இருந்தாலும் தொட்டா ஒட்டாது. இவன் எங்கயும் போக வேண்டாம்."

அவர் அதுவரை சீடரையே கவனித்திருந்தார். கயிறு கட்டியவர்களுக்கு எவர்சில்வர் சொம்பு, கட்டாதவர்களுக்குப் பித்தளைச் சொம்பு. அவர் பித்தளையை எடுத்தார்.

"சாமி, கை நீட்டுங்க."

"எனக்கு எதுக்கும்மா?"

"உங்க தீர்த்தந்தானே, என்ன பயம்?"

கூட்டம் பார்க்கிறது. சுவாமிகள் நீட்டினார், நர்ஸ் ஊற்றியதும் தாளில் பதித்தார். சிவந்தது.

"ஐயோ பாவம், சாமிக்கும் வந்திருக்கு. இல்லேன்னா, இது சலவை சோடா தண்ணி. மஞ்சக்கறைச் சட்டைக்கு சோப்பு போட்டா சிவக்காதா? கமிட்டியில துணி துவைக்கிறவங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

இல்லைதான். அத்தனை பேரும் ஆண்பிள்ளைகள்.

சுவாமிகள் ஆட்டோ ஏறினார். அவர் பெயருக்கு எழுதிய செக்கைக் கிழித்தோம். நர்ஸ் கேட்டதெல்லாம் வந்தது. சில்வெஸ்டர் பரீட்சை எழுதினான்.

மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்று பத்தொன்பது வருஷமாக போர்டில் எழுதிப்போடுகிறேன். ஒரு பயலும் ஏன் என்று கேட்டதில்லை, பேசாமல் எழுதிக்கொள்வான். இப்போது அப்படிப்பட்டவனைப் பார்த்தால் பக்கத்தில் போய் நிற்கிறேன். கேளுடா என்று கெஞ்சுகிறேன். கேட்காமலே இருந்தால் அவனும் ஒருநாள் என்னைப்போல் புரொபசராகிவிடுவான்.