மாந்தளிர்ச் சிவப்பில் ஒரு படை

ஒரு காட்டில் சண்டை போடுவதற்குத் தடை இருந்தது. முன்பெல்லாம் தாராளமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சமாதானம் பேசப் போன இரண்டு மந்திரிகளை யாரோ தவறுதலாகத் தின்றுவிட்டதால் சிங்கராஜா ஓர் ஆணை போட்டார். இனிமேல் மேய்ச்சல் நிலம், தண்ணீர்த்துறை, படுக்க நிழல் என்று எந்தத் தகராறானாலும் மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். பொம்மைகள் நெல்லிக்காய் உயரத்தைத் தாண்டக் கூடாது. விண்வெளி வீரர்களோ பூதங்களோ, அவரவர் விருப்பம். வர்ணம் பூசாத பொம்மை மட்டும் மேஜை ஏறக் கூடாது.

கடைசி விதி எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் ராஜாவுக்குத் தலைவலி வரும் என்று ஒரு பேச்சு இருந்தது.

அந்தக் காட்டில் பங்கஜவல்லி என்றொரு மலையணில் இருந்தாள். பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவதில் அவளுக்கு இணை கிடையாது. அது வெளியே தெரியாது, ஏனென்றால் அவள் பூசியதெல்லாம் அவளுடைய மரப்பொந்திலேயே இருந்தது. ஒரு டிராகன், இரண்டு மந்திரவாதிகள், ஒற்றைக் கண் ரோபோ ஒன்று. ஆட்டத்தை அவள் ஒரு முறைகூட ஆடியதில்லை, ஆட ஆசைப்பட்டதும் இல்லை. பிரஷ் தேய்ந்துபோனால் தன் வாலிலிருந்தே முடி பிடுங்கிக் கட்டிக்கொள்வாள். இதனால் வால் கொஞ்சம் மெலிந்திருந்தது. யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்பாள்.

ஓடைக்கரையில் ஒரு புல்வெளி இருந்தது. கோடையிலும் காயாது. மான்களுக்கு அங்கே மேலே இருப்பது வேண்டும், காட்டுப்பன்றிகளுக்கு அடியில் இருப்பது வேண்டும். பன்றிகள் தோண்டிய இடத்தில் புல் இருக்காது என்பதால் தகராறு வந்தது, ஆட்டத்துக்கு நாளும் குறித்தார்கள். பன்றிகள் பூதப்படையையும் மான்கள் விண்வெளிப் படையையும் வரவழைத்தார்கள். வர்ணம் பூச மரங்கொத்திகள் நடத்திய ஒரு கடை இருந்தது. அங்கே டோக்கன் வாங்கவே வரிசை, அந்த வரிசையில் நிற்க இன்னொரு டோக்கன். மான்களின் தலைவர் அருமைநாயகம் வரிசையில் நின்று களைத்துப்போய், மழைக்கு ஒதுங்கிய மரத்தில்தான் பங்கஜவல்லியின் பொந்து இருந்தது. அண்ணாந்து பார்த்தபோது டிராகன் தெரிந்தது. அப்படியாக வேலை அவளிடம் வந்து சேர்ந்தது.

நிறம் தேர்ந்தெடுக்க மந்தை கூடியது. கொம்பு முளைத்த இளவட்டங்கள் கறுப்பும் தங்கமும்தான் வேண்டும் என்றார்கள். வயதான பெண்மான்கள் அழுக்குத் தெரியாத நிறமாகப் பார்க்கச் சொன்னார்கள். எந்த நிறமானாலும் புள்ளி இருக்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். பொழுது சாயும்வரை இது போயிற்று. கடைசியில் அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிவப்பு. ஆனா கோபப்படாத சிவப்பு" என்றார். மந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. பங்கஜவல்லிக்குப் புரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தன்னிடம் பேச வேண்டிய விதத்தில் பேசியிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

வர்ணப் புட்டிகளுக்கெல்லாம் பயங்கரமான பெயர்கள் வைத்திருந்தார்கள். 'செவ்வாய்த் துரு', 'அரக்கி உதடு', 'பிணந்தின்னி வயிறு'. பிணந்தின்னி வயிறு என்பது சாதாரண மஞ்சள்தான். அவள் செவ்வாய்த் துருவில் அரக்கி உதட்டைக் கொஞ்சம் விட்டாள். ஆறாத புண் மாதிரி இருந்தது. மஞ்சளைச் சேர்த்தாள், செங்கல் சூளை மாதிரி இருந்தது. பல நாள் இப்படியே கலந்து கலந்து கொட்டினாள். ஒரு மதியம் அலுத்துப்போய், பிரஷ் கழுவின தண்ணீரிலேயே தெரியாமல் தொட்டுக் கலந்துவிட்டாள். அப்போது வந்தது அந்த நிறம். மழை விட்ட வெயிலில், மாமரத்தில் அன்றைக்குத்தான் விரிந்த கொழுந்து எப்படி இருக்குமோ அப்படி. எதில் எத்தனை சொட்டு என்று அவள் எண்ணியிருக்கவில்லை.

பிறகு பூச ஆரம்பித்தாள். முதலில் அடிப்பூச்சாகக் கறுப்பு ப்ரைமர். அது காய்ந்ததும் காவி. அதன்மேல் மாந்தளிரைத் தண்ணீராக இளக்கி மெல்லிய பூச்சாக ஒரு கோட்டு ஏற்றினாள், காய்ந்ததும் இன்னொரு கோட்டு. கவசத்தின் மடிப்புகளில் நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டாள். அது தானே போய்ப் பள்ளங்களில் தங்கி நிழலாயிற்று. மேடுகளில் மட்டும் மறுபடி சிவப்பு, அதற்கும் மேல் வெளிறிய சிவப்பு. கடைசியில் ஒற்றை முடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு வெளிச்சக் கோடு. அருமைநாயகம் அடிக்கடி வந்து, முடிந்துவிட்டதா என்று கேட்பார். விளிம்புகள்தான் பாக்கி என்று அவளும் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவாள்.

இதற்கிடையில் பன்றிகளின் தலைவன் தடிவீரன் தன் பூதங்களை ஒரு வாளி பச்சையில் மொத்தமாகப் போட்டு, குச்சியால் கிண்டி, வெளியே எடுத்துப் பாறையில் காயவைத்துவிட்டான். மூக்கு எது, முழங்கால் எது என்று தெரியாமல் எல்லாம் வடுமாங்காய் மாதிரி இருந்தன. வேலை முடிந்த திருப்தியில் எதிரி எந்த அளவில் இருக்கிறான் என்று பார்க்க வந்தவன், பொந்தில் வரிசையாக நின்ற சிவப்புப் படையைப் பார்த்தான். கடைசி வீரன்வரை ஒவ்வொருவனாகப் பார்த்தான்.

"தங்கச்சி," என்றான் கடைசியில், "இதையெல்லாம் தொட்டு நகர்த்தணும். தெரியும்ல?"

தெரியும் என்றாள் பங்கஜவல்லி. அதுவரை அவள் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

ஆட்ட நாளன்று நடுவர் ஆமை இரண்டு படைகளையும் பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்து, பச்சையும் நிறம்தான் என்று அனுமதித்தார். மான்களின் படை இலவம்பஞ்சு பரப்பிய பெட்டியில் வந்திருந்தது. பெட்டி திறந்ததும் ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் அமைதியானது. பங்கஜவல்லி ஒரு கிளையில் உட்கார்ந்து அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தடிவீரன் முதலில் பகடை உருட்டினான். ஆமை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் கை உயர்த்தி நின்ற தளபதி சுடப்பட்டான் என்று அறிவித்தார். சுடப்பட்டவனை மேஜைமேல் படுக்கவைக்க வேண்டும் என்பது விதி. அருமைநாயகம் குனிந்தார். மேஜை சொரசொரப்பான பலகை. நின்றபடியே செத்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது என்றார் ஆமை. இலையை விரித்து அதன்மேல் படுக்கவைக்கலாமா என்று கேட்டார். போர்க்களத்தில் யாரும் இலை விரிப்பதில்லை என்றார் ஆமை.

அருமைநாயகம் நிமிர்ந்து கிளையைப் பார்த்தார். மந்தை முழுவதும் பார்த்தது.

"வார்னிஷ் இன்னும் சரியா காயலைங்க," என்றாள் பங்கஜவல்லி.

அது பொய். வார்னிஷ் எப்போதோ காய்ந்து கண்ணாடியாகி இருந்தது. அவளே நகத்தால் தட்டிப் பார்த்திருந்தாள். அருமைநாயகம் பலகையின் சொரசொரப்பை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லி, தளபதியைப் பஞ்சில் வைத்துப் பெட்டியை மூடினார்.

புல்வெளி பன்றிகளுக்குப் போயிற்று. மான்கள் கரட்டு மேட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே பாறையும் முள்ளும்தான். பாறை இடுக்கில் சிவப்புப் படையை வரிசையாக நிறுத்தி, சாயங்காலங்களில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் பங்கஜவல்லியைக் குறை சொல்லவில்லை. குட்டிகளின் விலா எலும்புகளை எண்ண முடிகிற அளவு ஆனபோதும் சொல்லவில்லை. அவள் மேட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். போனாலும் படையை மட்டும் பார்த்துவிட்டு, குட்டிகள் இருந்த பக்கம் திரும்பாமல் வந்துவிடுவாள்.

தோற்றவர்கள் அடுத்த மழைக்கு முன் மறு ஆட்டம் கேட்கலாம் என்று ஆணையில் இருந்தது. அருமைநாயகம் கேட்டிருந்தார். இந்த நேரத்தில்தான் தடிவீரன் தன் பூதங்களை ஒரு சட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு பங்கஜவல்லியிடம் வந்தான். ஜெயித்ததிலிருந்து தனக்குத் தூக்கம் சரியில்லை என்றான். அந்தச் சிவப்பைப் பார்த்த கண்ணால் இவர்களைப் பார்க்க முடியவில்லையாம், இவர்களுக்கும் பூசித் தர வேண்டுமாம்.

பங்கஜவல்லி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எதிரியின் படையைத் தொட மனம் கேட்காமல் மேட்டுக்குப் போய் அருமைநாயகத்திடம் அனுமதி கேட்டாள். அவர் ஒரு முள்ளை வெகுநேரம் மென்றார்.

"பூசுங்கம்மா," என்றார். "எங்களுக்குப் பூசினதைவிட நல்லா பூசுங்க."

என்ன பெருந்தன்மை என்று கண் கலங்கி இறங்கி வந்தாள் அவள்.

பழைய பச்சையை ஊறவைத்துத் தேய்த்து எடுத்தாள். அடியில் இருந்த பூதங்கள் பிரமாதமான பூதங்கள். தொங்கும் தாடை, சுருக்கம் விழுந்த கழுத்து, முழங்கையில் மரு. பூசுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பாட்டில் பச்சையில் ஆரம்பித்து, பாசிப் பச்சை, வெற்றிலைப் பச்சை, வாழைக்குருத்து என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனாள். நிழலுக்குக் கறுப்பு வைக்கவில்லை; கத்தரிப்பூ ஊதாவை நீர்க்கக் கரைத்து அக்குளிலும் கண்ணுக்கு அடியிலும் ஓடவிட்டாள். மூக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் இளஞ்சிவப்பு, சளி பிடித்தது மாதிரி. அந்த நாட்களில் அவள் யாரைப் பற்றியும் நினைக்கவில்லை. மான்களைப் பற்றியும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. வாலில் முடியே இல்லாமல் போயிற்று.

மறு ஆட்ட நாள் வந்தது. தடிவீரன் இந்தத் தடவை இலவம்பஞ்சோடு வந்தான். மான்கள் ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார்கள். சேற்றுப் பழுப்பில் ஏதேதோ கடகடவென்று உருண்டன. கட்டி கட்டியாக ஒரே தடித்த கோட்டு. பழுப்புக்குள் முகம் தெரியவில்லை. எங்கேயிருந்து இந்தப் புதுப்படை வந்தது என்று பங்கஜவல்லி கிளையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவற்றில் ஒன்று கை உயர்த்தி நின்றது.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மான்கள் உருட்டினார்கள். பூதப்படையின் முரசுக்காரன் சுடப்பட்டான். படுக்கவைக்கச் சொன்னார் ஆமை. தடிவீரன் முரசுக்காரனைக் கையில் எடுத்து, அக்குளில் இருந்த ஊதாவைப் பார்த்தான். புல்வெளியைப் பார்த்தான். பிறகு முரசுக்காரனைப் பஞ்சில் வைத்துவிட்டு, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தான்.

மான்கள் அன்றைக்கே புல்வெளியில் இறங்கினார்கள். அருமைநாயகம் வாய் நிறையப் புல்லோடு பங்கஜவல்லியின் மரத்தடிக்கு வந்து, இந்த வெற்றி முழுக்க அவளுடைய தந்திரம் என்று மந்தையின் முன்னால் பாராட்டினார். எதிரியை அழகால் கட்டிப்போட்ட அறிவு யாருக்கு வரும் என்றார். குட்டிகள் கொழுகொழுவென்று இருந்தால் அதற்கு அவள்தான் காரணம் என்றார். எல்லோரும் குளம்பைத் தட்டினார்கள். அந்தப் பச்சையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தபின் அவள் கீழே இறங்கி, சிவப்பு என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்கேயும் போகலைம்மா, உள்ளேதான் இருக்கு," என்றார் அருமைநாயகம். "நாங்க எதையும் சுரண்டலை. நீங்க செய்ற மாதிரிதான் செஞ்சோம். கோட்டு மேல கோட்டு."

அதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. மேய்ந்துகொண்டிருந்த குட்டிகளைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து புட்டிகளை ஒரு துணியில் கட்டிக்கொண்டு கரட்டு மேட்டுக்கு ஏறினாள்.

அங்கே தடிவீரன் வெறும் வயிற்றோடு ஒரு பாறைமேல் படுத்து, முரசுக்காரனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வந்ததைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். புல்வெளியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"பச்சைக்குள்ள ஊதா வைக்கலாம்னு எப்படி தங்கச்சி தோணுச்சு?" என்றான்.

பங்கஜவல்லி உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

நீதி: போரில் ஜெயிக்க விரும்புகிறவர், தம்மிடம் உள்ள நல்ல பூச்சுக்காரரை எதிரியிடம் அனுப்பிவைக்க வேண்டும். அனுப்பியபின் அவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது.