வெர்மான்டில் ஒரு மாப்பிள்ளை விசாரணை

எங்கள் ஆட்கள் வீடு வாங்கும்போதுகூட அவ்வளவாக விசாரிப்பதில்லை. கூரை ஒழுகுமா என்று கேட்காமல் கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு வாளி வைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள். ஆனால் மாப்பிள்ளை என்று வந்துவிட்டால், அவனுடைய பாட்டனாருக்கு எந்தக் காது மந்தம் என்பதுவரை தெரிந்தாக வேண்டும். அப்படி விசாரிக்கப் போய், அமெரிக்காவில் ஒரு ஊரையே கதிகலங்க வைத்தவன் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமையும் இருக்கிறது.)

அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. கனடாவில், மொன்றியல் நகரின் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை. அக்கா மருத்துவமனையில் தாதி. தன்னோடு வேலை செய்யும் டானியலைக் கலியாணம் செய்யப் போவதாக ஒருநாள் அவள் அம்மாவிடம் சொன்னாள். வெள்ளைக்காரன் என்றதும் அம்மா அழுவார் என்று நான் டிஷ்யூ பெட்டியோடு பக்கத்தில் நின்றேன். அம்மா அழவில்லை. "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் வெர்மான்டில் ஒரு சின்ன ஊர் என்றாள் அக்கா.

அக்கா வேலைக்குப் போன பிறகு அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"வெள்ளைக்காரன் எண்டாலும் அவனுக்கும் ஒரு ஊர் இருக்குத்தானே. போய் விசாரிச்சுக்கொண்டு வா. கொப்பர் இருந்திருந்தால் அவர் போயிருப்பார்."

"அம்மா, அங்கை உப்பிடியெல்லாம் கேக்க ஏலாது."

"ஏன் ஏலாது? கடையிலை ஏதும் வாங்கிக் குடிச்சுக்கொண்டு, போற போக்கிலை கேக்கிறது. குடிக்கிறவனோ, முந்தி ஆரையும் கலியாணம் முடிச்சவனோ, குடும்பத்திலை விசர் கிசர் இருக்கோ, தாய் என்ன மாதிரி. அவ்வளவும் தெரிஞ்சால் காணும். கொக்காவுக்கு மூச்சும் விடாதை."

அப்பா இல்லாத வீட்டில் நான்தான் ஆண்பிள்ளை. அந்த நினைப்பு தலைக்கு ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் ஊருக்கு மரியாதையாகப் போக வேண்டும் என்று, செத்தவீடுகளுக்குப் போடும் கறுப்புக் கோட்டையும் கறுப்புச் சப்பாத்தையும் மாட்டினேன். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும் போட்டேன். எதற்குப் போகிறாய் என்று எல்லையில் அதிகாரி கேட்டபோது, வாயில் வந்தபடி "பான்கேக் சாப்பிட" என்றேன். அவர் என் உடுப்பை நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

அந்த ஊரில் ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு சாப்பாட்டுக்கடை. மிச்சமெல்லாம் மாடு. தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும் என் காரைப் பார்த்துக் கையசைத்தார்கள். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. (லவாலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளும்போதுகூட என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை.) சரி, விசாரிக்க ஏற்ற சனங்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்ரோல் நிலையத்தில் தாடி வைத்த ஒரு பெரியவர் இருந்தார். பழக்கதோஷத்தில் பிரெஞ்சில் "போன்ஜூர்" என்றேன். அம்மா சொன்ன முறைப்படி ஒரு சோடா வாங்கி, அரைவாசி குடித்துவிட்டு, போகிற போக்கில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"இந்த ஊரில் டானியல் என்று ஒருவர். மொன்றியலில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறார். தெரியுமா?"

"ராயின் மகன்தானே? பிறந்ததிலிருந்து தெரியும். ஏன்?"

"சும்மாதான். அவர் குடிப்பாரா?"

பெரியவரின் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போனது. என் கோட்டைப் பார்த்தார். வெளியே நின்ற காரின் கியூபெக் இலக்கத் தகட்டைப் பார்த்தார்.

"நீங்கள் யார்?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை," என்றேன். (அம்மாவின் அனுமதி. அது அவருக்கு எப்படித் தெரியும்?)

நான் கதவைத் தாண்டுவதற்குள் அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. வியாபார விஷயமாக்கும் என்று நினைத்தபடி சாப்பாட்டுக்கடைக்குப் போனேன்.

அங்கே பரிமாறியவர் நரைத்த கூந்தலைத் தூக்கிக் கட்டியிருந்த ஒரு பெண்மணி. பான்கேக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோப்பிப் பாத்திரத்தோடு என் பக்கத்திலேயே நின்றார். நான் கேட்காமலே, "யாரையோ தேடி வந்திருக்கிறீர்களாம்?" என்றார். எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று எனக்குப் புல்லரித்தது. இரகசியமாகக் குனிந்து கேட்டேன்.

"டானியல் என்பவர் குடிப்பாரா?"

"கிறிஸ்மஸுக்கு."

"முன்பு கலியாணம் செய்தவரா?"

"இல்லை."

"குடும்பத்தில் யாருக்காவது பைத்தியம்?"

"இன்று காலைவரை இல்லை."

"நல்லது. தாய் எப்படிப்பட்டவர்? மருமகளை ஒழுங்காக வைத்திருப்பாரா?"

அவர் கோப்பிப் பாத்திரத்தை மேசையில் வைத்தார். "மருமகளா?" என்றார். பிறகு மெதுவாக, "நான்தான் அந்தத் தாய்," என்றார்.

வாய் நிறையப் பான்கேக் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதற்குள் கதவு படாரென்று திறந்தது. சேற்றுச் சப்பாத்தோடு ஒரு மனிதர் ஓடிவந்தார். பின்னால் பெட்ரோல் நிலையப் பெரியவர், அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர். ஓடிவந்தவர் நேரே என்னிடம் வந்து, என் மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்கள் ஊரில் ஒருவன் வந்து விசாரித்தால், வீட்டில் நல்ல காரியம் நடக்கப் போகிறது என்று அர்த்தம். கடைக்காரனே நாலு நல்ல வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்லிவிடுவான். இங்கே கறுப்புக் கோட்டு போட்டவன் வெளிநாட்டிலிருந்து வந்து மகனைப் பற்றிக் கேட்டால், பெற்றவர் என்ன நினைப்பார்? மாட்டுத் தொழுவத்திலிருந்து இங்கே வந்துசேரும்வரை அந்த மனிதர் மனதுக்குள் தன் மகனைச் சாகக் கொடுத்திருக்கிறார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

"உயிரோடுதான் இருக்கிறான், ராய்," என்றார் அந்த அம்மா. லிண்டா என்பது அவர் பெயர். "கலியாணம் செய்யப் போகிறானாம். நமக்குத்தான் இன்னும் சொல்லவில்லை."

கடையில் இருந்த அத்தனை பேரும் எங்கள் மேசைப் பக்கம் திரும்பினார்கள். ராய் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். லிண்டா தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மகனை அழைத்தார். டானியல் திக்கித் திணறி, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிவந்து நேரிலேயே சொல்ல இருந்தேன் என்றான். உடனே பின்னாலிருந்து அக்காவின் குரல், தமிழில்:

"டேய்! நீ அங்கை என்னடா செய்யிறாய்?"

"அக்கா, அம்மாதான் விசாரிக்கச் சொல்லி..."

"வீட்டை வா. உனக்கு இருக்கு!"

அவள் என்ன சொல்கிறாள் என்று போலீஸ்காரர் கேட்டார். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்கிறாள் என்றேன்.

லிண்டா தொலைபேசியை வைத்தார். மகன் சொல்ல இருந்த நல்ல செய்தியை நான் எச்சில் பான்கேக்குக்கு மேலே போட்டு உடைத்துவிட்டேன். அக்காவின் கலியாணம் என்னால் நின்றுவிட்டது என்றே நம்பினேன். அம்மாவுக்கு என்ன சொல்வது, அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? அப்போது லிண்டா ஒரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இப்போது நான் கேட்கிறேன். உன் அக்கா குடிப்பாளா?"

"இல்லை."

"முன்பு கலியாணம் செய்தவளா?"

"இல்லை."

"உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பைத்தியம்?"

கடை முழுவதும் என்னையே பார்த்தது. முதலில் சிரித்தது போலீஸ்காரர்தான். பிறகு ராய் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கலியாணம் நடந்தது. அக்கா, தாலி ஏறும் நாள்வரை என்னோடு கதைக்கவில்லை. லிண்டாவும் அம்மாவும்தான் மொழியே இல்லாமல் நகமும் சதையுமாகிவிட்டார்கள். விசாரிப்பு என்ற வழக்கத்தை லிண்டாவுக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று. சில வருடங்களுக்குப் பிறகு எனக்கு மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள புரோசார்ட்டில் ஒரு பெண் பொருந்தி வந்தபோது, அம்மா விசாரிக்க அனுப்பியது லிண்டாவைத்தான். அவர் அங்கே தமிழ்க் கடையொன்றில் போய் நின்று, சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்டிருக்கிறார். கடைக்காரர் வேறு யாருமல்ல, பெண்ணின் மாமா. அவரும் சளைக்காமல், பையன் எப்படி என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

"தங்கமான பையன். எங்கேயும் விசாரிக்க மட்டும் அனுப்பிவிடாதீர்கள்," என்றாராம் லிண்டா.

அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். இன்றைக்கும் நான் கடைக்குக் கிளம்பினால், மனைவி வாசல்வரை வந்து சொல்லித்தான் அனுப்புகிறாள்: "இறால் மட்டும் வாங்குங்கோ. அதின்ரை குடும்பத்தை விசாரியாதேங்கோ."