புரியலைன்னு சொன்ன வாய்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொல்ல முடியாது. அவ பக்கத்து அறையிலதான் படிச்சிட்டிருக்கா.

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறா. நான் லாரி ஒர்க்‌ஷாப்பில மெக்கானிக். பத்தாவதோட பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிஞ்சவங்க. போன வருஷம் அவ வேலை பார்த்துக்கிட்டே எம்.எஸ்ஸி. சேர்ந்தா. நானும் பெருந்தன்மையா "படிம்மா"ன்னு சொல்லிட்டேன். அவ படிக்க உட்கார்ந்தா பாத்திரம் யார் தேய்க்கிறதுன்னு அப்போ யோசிக்கலை.

யோசிச்சப்போ என் கையில தேய்க்கிற நார் இருந்தது.

எப்படியாவது இந்தப் படிப்பை நிறுத்தணும்னு முடிவு கட்டினேன். நேராச் சொல்ற தைரியமா? அது இருந்தா நான் ஏன் பாத்திரம் தேய்க்கிறேன்? கடைசியில வழியை அவளே கொடுத்தா.

"ஏங்க, எங்க பேராசிரியர் சொல்றாங்க, பாடமே தெரியாத ஒருத்தருக்குப் புரியவெச்சுட்டா எந்தப் பரீட்சைக்கும் பயப்பட வேண்டாமாம்."

"அப்படி ஒரு ஆளை எங்கே போய்த் தேடுவே?"

"எதுக்குத் தேடணும்? அதான் இருக்கீங்களே."

அன்னையிலிருந்து அவ பாடம் சொல்லுவா. நான் துணி மடிச்சுக்கிட்டே கேட்பேன். முடிஞ்சதும் உதட்டைப் பிதுக்குவேன். "புரியலையேம்மா." மனசு விட்டுப்போய்ப் படிப்பை நிறுத்திடுவான்னு என் கணக்கு. அவளோ வேற மாதிரி சொல்லுவா. "புரியலை." படம் போட்டுக் காட்டுவா. "ஊஹூம்." இப்படியே முதல் வருஷம் முடிஞ்சுது. வகுப்பிலேயே அவதான் முதல் மார்க்.

நேத்து சாயங்காலம் சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்தா.

"முடியலைங்க. வேலையும் படிப்பும் சேர்த்து இழுக்க முடியலை. ரெண்டாவது வருஷத்துக்குப் பணம் கட்ட நாளைக்குத்தான் கடைசி. இன்னிக்குச் சொல்ற பாடம் உங்களுக்குப் புரிஞ்சா கட்டறேன். இல்லேன்னா விட்டுடறேன்."

"உன் இஷ்டம்மா"ன்னேன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு. உள்ளுக்குள்ள ஒரே மேளச் சத்தம்.

அவ ஆரம்பிச்சா. "ஒரு கிருமி முதல் தடவை வந்தா உடம்பு உடனே அடிச்சு விரட்டிடும். அதே கிருமி திரும்ப வந்தாத்தான் என்ன செய்யறதுன்னு தெரியாம முழிக்கும்."

"என்னது?"

"ஆமாங்க. முதல் தடவை வேகம், அடுத்த தடவை மந்தம்."

கண்ணெதிரே ஒருத்தர் நட்டைத் தப்பா மாட்டினா மெக்கானிக் கை சும்மா இருக்குமா? வாயும் அப்படித்தான்.

"அடியே, தலைகீழாச் சொல்றே! முதல் தடவைதான் முழிக்கும். அப்புறம் அந்த ஞாபக அணுன்னு ஒண்ணு உருவாகி, வந்தவனை அடையாளம் வெச்சுக்கும். திரும்ப வந்தான்னா வாசல்லயே அடி! இதைக்கூடத் தப்பாச் சொன்னா உன் மானம் என்ன ஆகும்?"

நான் சொன்னது என் காதிலயே அப்போதான் விழுந்தது.

"எப்போலேருந்துங்க புரியுது?"

"அது... லேசா..."

அவ சிரிக்கக்கூட இல்லை. என் கட்டைவிரலைப் பிடிச்சு என் போன் மேலயே வெச்சு அழுத்தி, ரெண்டாவது வருஷப் பணத்தை என் கணக்கிலிருந்தே கட்டிட்டா.