சஸ்பென்ஸ் அண்ணை பிடித்த வில்லன்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள அத்தனை வீடுகளிலும் கொலை நடக்கப்போகிறது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் சஸ்பென்ஸ் அண்ணைதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பகல் முழுக்கத் திகில் படம் பார்ப்பார். எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையில் யாராவது புதுக் கத்தி வாங்கினால், "ஆரை நினைச்சு வாங்கினனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்பார். மீன் வெட்ட என்றால் நம்பமாட்டார்.

ஒருநாள் தானே படமெடுக்கக் கிளம்பிவிட்டார். அமைதியான ஒழுங்கை, தனியே வாழும் பெண், அவள்மேல் வெறிகொண்டு அலையும் ஒருவன். இதுதான் கதை. கதாநாயகி, கணவரை இழந்த, தையல் சொல்லிக்கொடுக்கும் எங்கள் ரீச்சர்.

"எனக்கு நடிக்க ஏலாது அண்ணை."

"நடிக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைச்சுத் தையுங்கோ, காணும்."

வில்லன் நான். மதிலுக்கு மேலால் ஆசையோடு பார்க்கவேண்டும். பார்த்தேன். "கட்! பல்லுவலிக்காரன் மாதிரி இருக்கு" என்றார் அண்ணை, கமெராவாகப் போனை நீட்டியபடி. மறுபடி பார்க்கும்போது என் மனைவி வந்துவிட்டாள். படத்தில் உண்மையான திகில் அந்த இடத்தில்தான் இருந்தது. கோட்டைப் பக்கம் திரியும் மான்களில் ஒன்று வந்து கதை எழுதிய கொப்பியையே தின்றுவிட்டது.

நாலு மணிக்கு வழக்கம்போல ஒருவன் சிவப்பு மோட்டார் சைக்கிளில் வந்து ரீச்சர் வீட்டுக்கு எதிரே நின்றான். அவனைக் கலியாணம் கட்டமாட்டேன் என்று ரீச்சர் இரண்டு தரம் சொல்லியாயிற்று, அவன் விடவில்லை. பயத்தில் அவர் அன்றுவரை ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அண்ணை போனைப் பிடித்தபடி நேரே அவனிடம் போனார்.

"தம்பி, இவருக்கு வில்லன் வேசம் சரிவரேல்லை. நீங்கள் இன்னொருக்கா அப்பிடிப் பாருங்கோ. அச்சொட்டாய் வில்லன் மாதிரியே இருக்கு."

"என்ன கதைக்கிறியள்? நான் சும்மா நிக்கிறன்."

"ஓம், மூண்டு மாசமாய்ச் சும்மா நிக்கிறியள். அதைத்தான் எடுக்கிறன். படத்தை உங்கட அம்மாவுக்கும் காட்டுவம்."

ஒவ்வொரு வீட்டுக் கேற்றாகத் திறந்தது. நாங்களும் போய் அண்ணைக்குப் பின்னால் நின்றோம். அவன் முகம் வெளுத்தது. மோட்டார் சைக்கிளை உதைத்தான், கிளம்பவில்லை. "அப்பிடித்தான், இன்னும் கொஞ்சம் பதறுங்கோ!" என்று அண்ணை கிட்டப் போனார். மூன்றாவது உதையில் பறந்தவன், பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

"எடுத்ததைக் காட்டுங்கோ அண்ணை" என்றேன்.

"என்னத்தைக் காட்ட? இந்தப் போனில கமெரா பழுதாகி எத்தினை மாசம்!"

ரீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அண்ணையைத் தெருவில் கண்டால் இப்போதும் எனக்குக் கும்பிடத் தோன்றும். கும்பிட்டால், "சரியில்லை, இன்னொருக்கா கும்பிடுங்கோ" என்பார். கும்பிடுவேன்.