சர்வர் அறையில் ஐந்நூறு குஞ்சுகள்

எனக்கு ஆசையான பொருளை அடுத்தவர் தலையில் கட்டுவதில் நான் கெட்டிக்காரன். அக்கா வீட்டுக்காரரின் கோழிப்பண்ணைக்கு சர்வர் வந்தது அப்படித்தான்.

நாமக்கல் பக்கத்தில் மாமாவுக்குப் பதினான்கு கொட்டகை. எந்தக் கொட்டகைக்கு, என்றைக்கு, எந்தத் தடுப்பூசி என்ற விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. சேலத்திலிருந்து வந்த மென்பொருள்காரர், "கிளவுட்ல போட்டுருங்க, இன்டர்நெட்ல வாடகைக்கு எடம் குடுப்பாங்க, அவங்களே பாத்துக்குவாங்க" என்றார். நான் பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தவன் (வரவேற்பு மேஜையில், அதை யாரிடமும் சொன்னதில்லை). எழுந்து நின்றேன்.

"ஏனுங்க மாமா, நம்ம முட்டைய வாடகை லாரியிலயா அனுப்பறீங்க?"

"அதெப்புடி? சொந்த வண்டி இருக்கையில?"

எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு மேல் வாதம் தேவையில்லை.

சர்வர் வந்தது. ஏசி அறை, தனி யூபிஎஸ், 'செருப்புடன் வராதீர்' என்று பலகை. இருட்டில் மினுங்கும் அதன் பச்சை விளக்குகளின் முன் நின்றால் எனக்கு நதியின் ஓசை கேட்கும். (மாமாவுக்கு ஃபேன் கேட்கும்.)

அந்த ஐப்பசியில் அக்கா முதன்முதலாகத் தன் பொறுப்பில் ஐந்நூறு ஒருநாள் குஞ்சுகளை இறக்கினாள். "உனக்கெதுக்கு இந்த வேல?" என்று மாமா சிரித்திருந்தார். மறுநாள் காலை காற்றும் மழையும். கரண்ட் போனது. ஜெனரேட்டர் நாலு முறை இருமிவிட்டு அடங்கியது. சூட்டு பல்புகள் அணைந்த கொட்டகையில் குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கத் தொடங்கின. யூபிஎஸ் தயவில் என் சர்வர் மட்டும் ஓடியது. ஏசி நின்றதால் அந்த அறை அடுப்படியாய்க் கொதித்தது.

அக்கா குஞ்சுப் பெட்டிகளோடு வந்தாள். நான் வாசலை மறித்தேன்.

"அக்கா, உள்ள டேட்டா இருக்குது!"

"டேய், உன்ற பொட்டியா, என்ற குஞ்சா? நவுருடா!"

நகர்ந்தேன். ("செருப்பையாவது கழட்டுக்கா" என்று சொன்னதும் நான்தான்.)

சர்வரின் முதுகிலிருந்து வந்த சூட்டுக் காற்றில் அந்த மஞ்சள் உயிர்கள் பரவிப் படுத்துக் கண் சொக்கின. முன்பக்கமாக சர்வர் இறகுத்தூசியை இழுத்துக்கொண்டே இருந்தது. கரண்ட் வருவதற்குச் சற்று முன் நீளமாய் ஒரு பெருமூச்சு, ஒரு கருகல் வாடை. போய்ச் சேர்ந்தது.

"நகல் வெச்சிருப்பீங்கல்ல மாப்ள?" என்றார் மாமா.

வைத்திருந்தேன். அதே சர்வருக்குள் இன்னொரு டிஸ்கில். அதுவும் வெந்திருந்தது.

பண்ணை மேற்பார்வையாளர் செல்வி தன் போனை நீட்டினார். தினமும் சாயங்காலம் திரையை போட்டோ எடுத்திருக்கிறார்; அத்தனையும் தானாகவே கிளவுட்டில் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒரு தடுப்பூசி விவரம்கூட விடுபடவில்லை.

"எதுக்குங்க எடுத்தீங்க?" என்றேன்.

"நீங்க அந்தப் பொட்டிகிட்ட நின்னு பேசிட்டிருந்தீங்கண்ணா. பயமா இருந்துச்சுங்க."

ஏழு குஞ்சுகள் பிழைக்கவில்லை. நான் வாசலில் மறித்து நின்ற நேரத்தில் போனவை என்பது அக்காவின் கட்சி.

இன்றைக்கும் நான் எதைச் சிபாரிசு செய்தாலும், கார், பிரிட்ஜ், சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை, எதுவானாலும், மாமா கேட்பது ஒன்றுதான்: "அதெல்லாஞ் சரிங்க மாப்ள, அதுல எத்தன குஞ்சு பொழைக்கும்?"

எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா மட்டும் என்னைப் பார்த்தபடி, சிரிக்காமல் பதில் சொல்வாள்.

"நானூத்தி தொண்ணூத்தி மூணு."