ஆறடிக்கு ஒரு அரசியல் யாப்பு

"ஒரு இஞ்சுகூட அசையப்படாது!" என்று மேசையில் ஓங்கி அடித்தார் அப்புக்காத்து செபரத்தினம்.

முனாப் தான் இருந்த கதிரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தன்னைத்தான் ஆடாமல் இருக்கச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"உம்மை இல்லை, உம்மடை கடையைச் சொல்லுறன்."

விஷயம் இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, படகுகள் வந்து கட்டும் ஜெட்டியடியில் இருந்த தன் தேத்தண்ணிக் கடையைத் திறக்கப் போனபோது, பலகை இடுக்கில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்ததை முனாப் கண்டார். அரசாங்கத்தின் வீதிக் கந்தோர் முத்திரை, எழுத்தெல்லாம் இங்கிலீஸ். முனாப்புக்கு இங்கிலீசில் தெரிந்தது 'பிளேன்ரீ' ஒன்றுதான். மறுநாள் காலை மூதூர் லோஞ்சு வந்து சனம் இறங்கிப் போன பிறகு, அதை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இருந்த, சட்டம் படித்தவர்களின் மன்றத்துக்குப் போனார். மன்றத்தின் செயலாளர் பிரக்கிராசி கலீலுர் றஹ்மான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேல்வரிகளைத் தாண்டி விஷயத்தை மட்டும் வாசித்துச் சொன்னார்: வீதியோரம் நிற்கும் தகரக் கொட்டகையைப் பதினாலு நாளுக்குள் ஆறு அடி பின்னுக்கு எடுக்க வேண்டும்.

முனாப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவ்வளவுதானே? லோஞ்சில நாலு பேரக் கூப்பிட்டா அசர் தொழுகைக்கு முன்ன தூக்கி வெச்சிருவன். பின்னால சும்மா கிடக்குற நிலந்தானே."

இதைக் கேட்டுத்தான் மன்றத் தலைவர் செபரத்தினம் மேசையில் அடித்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. 'அரசியல் யாப்பு முற்போக்கு விளக்க மன்றம்' என்ற அந்தச் சபை, எழுபத்திரண்டாம் ஆண்டு யாப்பு வந்த கையோடு தொடங்கியது. ஏழைகளுக்கு யாப்பை விளக்கி, அவர்கள் உரிமையை வாங்கிக் கொடுப்பது நோக்கம். அந்த யாப்பின் பதினெட்டாம் பிரிவுக்கு விளக்கம் எழுதி முடிக்கவே அவர்களுக்கு ஆறு வருடம் பிடித்தது. விளக்கம் அச்சாகி வந்த கிழமை நாட்டுக்கு வேறு யாப்பு வந்துவிட்டது. கட்டுக் கட்டாகக் கிடந்த அந்தத் தாள்களில்தான் முனாப் இப்போது வடை சுற்றிக் கொடுக்கிறார். மன்றத்தால் ஏழைகளுக்குக் கிடைத்த நன்மை அதுவரைக்கும் அது ஒன்றுதான்.

புதிய யாப்பின்படி, உரிமை பறிபோனவன் நேரே கொழும்புக்குப் போய் உயர் நீதிமன்றக் கதவையே தட்டலாம். தட்டுவதற்கு ஓர் ஏழைதான் அகப்படவில்லை. சாம்பல்தீவிலிருந்து ஒரு மீன்காரன் வந்தான். இவர்கள் முன்னுரை எழுதி முடிப்பதற்குள், அவன் போய்க் கந்தோரில் இரண்டு வார்த்தை பேசிப் பிரச்சினையைத் தானே தீர்த்துக்கொண்டான். அந்தத் துரோகத்துக்குப் பிறகு செபரத்தினம் அவனிடம் மீன்கூட வாங்குவதில்லை.

"நீர் தள்ளினால் என்ன அர்த்தம்?" என்று முனாப்பிடம் திரும்பினார் செபரத்தினம். "தள்ளச் சொல்லக் கந்தோருக்கு அதிகாரம் இருக்கெண்டு நீரே ஒத்துக்கொள்ளுறீர்."

"இருந்துட்டுப் போகட்டுமே ஐயா. ஆறு அடிதானே."

"இண்டைக்கு ஆறு அடி. நாளைக்கு?"

முனாப் யோசித்துப் பார்த்தார். ஆறு ஆறு அடியாகத் தள்ளிக்கொண்டே போனால் கடல் வந்துவிடும். கொஞ்சம் பயம் பிடித்துக்கொண்டது.

"நானா, பதினாலாம் உறுப்புரை சொல்லுது, சட்டப்படியான எந்தத் தொழிலையும் செய்யுற சுதந்திரம் உங்களுக்கு இருக்கு," என்றார் கலீலுர் றஹ்மான், முனாப்பை அண்ணன் முறை வைத்து. "உங்கட கேத்தில்ல கொதிக்கிறது தண்ணி இல்ல, யாப்பு."

அன்றைக்கே முனாப்பின் பெயரில் வீதிக் கந்தோருக்கு ஒரு கடிதம் தயாரானது. பதினொரு பக்கம். தன் தேத்தண்ணிக் கடையை ஓர் அங்குலமும் நகர்த்த முடியாது என்று அதில் முனாப் முழங்கினார். இங்கிலாந்து அரசர்கள் வந்தார்கள். பிரான்சுப் புரட்சி வந்தது. அடிமைகள் விலங்கு உடைத்தார்கள். எந்த நோட்டீஸ், யாருக்கு, என்ன திகதி என்ற சில்லறை விவரங்கள் மட்டும் வரவில்லை. தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த மரியமலர் ஒருதரம் தலை நிமிர்ந்தாள்.

"சேர், இவருக்குக் கடை போட பேமிற் இருக்கோ?"

"பிள்ளை, அது குறுகிய கேள்வி," என்றார் செபரத்தினம்.

குறுகிய கேள்விக்கு முனாப்பிடம் குறுகிய பதில் இருந்தது: இல்லை. பதினொரு வருடத்துக்கு முன் ஜெட்டியில் இருந்த ஓவசியர் ஒருவர், "போட்டுக்கொள்ளும்" என்று வாயால் சொன்ன அனுமதிதான். அந்த ஓவசியர் மௌத்தாகி ஏழு வருடம். அதன் பிறகு ஒருவரும் முனாப்பைக் கேட்கவில்லை. முனாப்பும் ஒருவரையும் கேட்கவில்லை. அந்தக் கடை போனால் வீட்டில் ஐந்து வயிறு காயும். சும்மா கிடப்பதைக் கிளறக் கூடாது என்ற அளவுக்கு அவருக்கும் சட்டம் தெரியும். ஆனால் படித்தவர்கள் ஒன்பது பேர் சுற்றி நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது? கையெழுத்தை வைத்தார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'இவ்வாறான தேநீர்க் கடை பற்றி எமது கோவைகளில் எதுவும் இல்லை. விவரங்களைத் தந்துதவவும்.'

மகன் வாசித்துக் காட்டக் கேட்ட முனாப்பின் மனைவி சித்தி பரீதா, குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! கடையே இல்லையெண்டு எழுதிட்டாங்க. இஞ்சாருங்க, இதோட விட்டுருங்க."

அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆகவே அவளுக்கு விளங்கிவிட்டது. மன்றத்தில் விளங்கவில்லை.

"பாத்தீரோ! ஒரு பிரசையின்ரை இருப்பையே மறுக்கிறாங்கள்!" என்று செபரத்தினம் எழுந்து நின்றார்.

"விட்டுட்டாங்க போல ஐயா. நாமளும் விட்டுட்டா…"

"அதுதான் அவங்கடை தந்திரம்!"

இருப்பை நிரூபிக்கும் வேலை தொடங்கியது. மன்றத்தார் கடையை நாடா பிடித்து அளந்தார்கள். படம் எடுக்க ஆள் வந்தான். சித்தி பரீதா பெருநாளுக்கென்று அடித்திருந்த பச்சைப் பெயின்ற் படத்தில் பளிச்சென்று தெரியும் என்பதால், முன்பலகை இரண்டையும் கழற்றச் சொன்னார்கள். முனாப்பின் சட்டை ஒடுக்கப்பட்டவனின் சட்டைபோல இல்லை என்று அதையும் கழற்றச் சொன்னார்கள். படப்பிடிப்புக்கு நடுவே ஒன்பது பேரும் ஆளுக்கு இரண்டு பிளேன்ரீ குடித்தார்கள். கந்தோருக்கு முனாப்பின் பெயரில் எழுதிய இரண்டாவது கடிதத்தின் கடைசி வரியை வாசிக்கும்போது செபரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது: 'பதினொரு வருடமாக எவரிடமும் நான் அனுமதி கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை.'

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இங்கே ஆண்டிகள் ஒன்பது பேர். சங்கு மட்டும் முனாப்புடையது.

அடுத்த கிழமை வீதிக் கந்தோரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கடையை ஏதோ முளைத்து வந்த பொருளைப் பார்ப்பதுபோலச் சுற்றிப் பார்த்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். மூத்தவர் நல்ல மனிதர். போகும்போது காதருகே குனிந்து சொன்னார்.

"நானா, பேமிற் வேணுமெண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. ஒரு கிழமையில எடுத்துத் தரலாம்."

முனாப் மன்றத்துக்கு ஓடினார். ஓடியிருக்கக் கூடாது.

"கேட்கிறதோ? கேட்டால், இல்லையெண்டு சொல்ல அவனுக்கு உரிமை இருக்கெண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும்!" என்றார் செபரத்தினம்.

சித்தி பரீதா வீட்டில் வேறு தீர்ப்புச் சொன்னாள். "ஒங்களுக்கு என்ன விசரா? நாளைக்கே போய்க் கேளுங்க. அவங்களுக்குச் சொல்லாமப் போங்க."

போனார். கந்தோரில் இருந்த கிளாக்கர் கோவையைத் திறந்து, இரண்டாவது கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"‘இனியும் கேட்கப்போவதில்லை.’ கையெழுத்து உங்கட தானே?"

"ஓம். ஆனா எழுதினது நான் இல்ல ஐயா."

"பிறகு ஏன் வெச்சனீங்கள்?"

"படிச்ச ஆக்கள் சொன்னாங்க."

கிளாக்கர் கோவையை மூடினார். "எங்கட பெரிய ஐயா இதை வாசிச்சிட்டு மூண்டு நாளாய்ச் சன்னதம் ஆடுறார். இனி என்னால ஏலாது நானா."

ஏழு நாளில் உத்தரவு வந்தது. ஆறு அடி, ஏழு அடி என்ற பேச்சே அதில் இல்லை. அனுமதியற்ற கடையை அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் கந்தோரே அகற்றும்.

முனாப் அழுதுகொண்டு மன்றத்துக்குப் போனார். உத்தரவை வாசித்த செபரத்தினம் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்றவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் மாலைக்குச் சொல்லியனுப்பலாமா என்று கேட்டார்.

"வழக்குப் பழுத்திட்டுது!"

"சேர், ஒரு மாதத்துக்குள்ள உயர் நீதிமன்றத்துக்குப் பெட்டிசம் போடவேணுமெல்லோ?" என்றாள் மரியமலர்.

"எதிலிருந்து ஒரு மாதம்? அதுதானே பிள்ளை கேள்வி!"

அந்தக் கேள்விக்கு விளக்கம் காணச் சனிக்கிழமைதோறும் கூடினார்கள். முதல் சனி, உறுப்பினர் பாதிப் பேர் நிலாவெளிக்குக் குளிக்கப் போய்விட்டதால் கூட்டம் செல்லாது. இரண்டாம் சனி, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து என்று ஒரு கட்சியும், உத்தரவு வந்த நாளிலிருந்து என்று ஒரு கட்சியும் கதிரையைத் தூக்காத குறையாக வாதாடின. மூன்றாம் சனி, மன்றத்தின் சொந்த யாப்பில் ஒரு சிக்கல் கண்டுபிடிக்கப்பட்டு அதற்கு விளக்கம் தேடினார்கள். நாலாம் சனிதான் செபரத்தினத்தின் மூளை பளிச்சிட்டது.

"உரிமை பறிபோனதெண்டு பிரசைக்கு விளங்கின நாளிலிருந்துதான் மாதம் தொடங்கும். முனாப், உமக்கு விளங்கிட்டுதோ?"

"ஒண்டுமே விளங்கல்ல ஐயா."

"பாத்தீங்களோ! மாதம் இன்னும் தொடங்கவே இல்லை!"

கைதட்டல் ஜெட்டிவரைக்கும் கேட்டது.

மாதம் தொடங்காத அந்தக் கிழமையிலேயே லொறி வந்துவிட்டது. நாலு பேர் கடையைத் தூக்கி ஏற்றினார்கள். நாலு பேர் போதும் என்று முனாப் முதல் நாளே சொன்ன கணக்குச் சரியாகத்தான் இருந்தது. சித்தி பரீதா சீனிப் பேணியையும் கேத்திலையும் மட்டும் பறித்து எடுத்துக்கொண்டு, நடு ரோட்டில் நின்று அழுதாள். மன்றத்திலிருந்து ஒருவர் வந்து, அழுவதை நிறுத்தாமல் இந்தப் பக்கம் திரும்பும்படி கேட்டுப் படம் எடுத்தார்.

பெட்டிசம் கொழும்புக்குப் போனது. காலம் கடந்துவிட்டது என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. செபரத்தினம் அதை 'வரலாற்றுத் தோல்வி' என்றார். அதைப் பற்றி ஒரு நூல் போடுவது என்றும், அட்டையில் சட்டையில்லாத முனாப்பைப் போடுவது என்றும், மன்றத்தின் தகர முன்கொட்டகையில் ஒரு கருத்தரங்கு வைப்பது என்றும் தீர்மானம் நிறைவேறியது. நாற்பது பேருக்குத் தேத்தண்ணி முனாப்பிடமே சொல்லப்பட்டது. ஒடுக்கப்பட்டவரை ஆதரிக்க வேண்டும் அல்லவா?

அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். வேறு என்ன செய்வது? கையில் கேத்திலோடு அலைந்தால்தான் அன்றாடம் அடுப்பு எரியும் என்றாகிவிட்டது. ஆனால் ஊற்றிக் கொடுக்கும்போது உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள்மீது எரிந்ததைவிடத் தன்மீதுதான் கூட எரிந்தது. ஒரு மீன்காரனுக்கு இருந்த புத்தி தனக்கு இல்லாமல் போனதே என்று மனம் கசந்தார்.

கருத்தரங்கு சூடு பிடித்த நேரம் மூதூர் லோஞ்சு வந்தது. முனாப் மிச்சத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தார். முதலில் இறங்கிய ஒரு பெண், மருந்துப் போத்தல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடை இருந்த இடத்தைத் திகைத்துப் பார்த்தாள்.

"நானா, இத எங்க வெக்கிற? எங்கட மாமி அந்திக்கு வந்து எடுப்பா."

இந்தப் பக்கத்தில் யாருக்கு எதைக் கொடுப்பதானாலும் முனாப்பின் கடையில் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். வீட்டுப் பூட்டின் திறப்புக்கோர்வை, கலியாணக் கடிதம், குடை, கருவாட்டுப் பார்சல், எல்லாம் உரியவர் கைக்குத் தப்பாமல் போய்ச் சேரும். முனாப் போத்தலை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

அவளுக்குப் பின்னால் பெட்டியோடு இறங்கினார் வீதிக் கந்தோர்ப் பியோன் பேணாட். மூன்று மாதம் தோப்பூரில் பதில் வேலை பார்த்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்பி வருகிறார்.

"என்ன நானா, கடை எங்க?"

முனாப் ஒரு கிளாசில் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தது, பலகை இடுக்கில் நோட்டீஸ், ஆறு அடி, பதினொரு பக்கம், லொறி, ஒரே வரி. பேணாட் ஒரு வாய் குடித்ததோடு சரி. கிளாஸ் கையிலேயே ஆறியது. வீதியின் மறுகரையில் 'உரிமைக் காவலர் செபரத்தினம் வாழ்க' என்று யாரோ கத்தினார்கள். கொட்டகைக்குள் இடம் போதாமல் சனம் ரோட்டில் நின்று கை தட்டியது. பேணாட் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, முனாப்பின் முகத்தைப் பார்க்கப் பயந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்டைக்கு மன்றம் பூட்டிக் கிடந்தது நானா, அவையின்ர முன்கொட்டகையை ஆறு அடி உள்ளுக்கு எடுக்கச் சொல்லி அவைக்கு வந்த நோட்டீஸைத்தான், நீங்கள் குடுத்துவிடுவீங்கள் எண்டு உங்கட பலகையில செருகிப்போட்டு நான் தோப்பூருக்குப் போனனான்… குடுத்தனீங்கள்தானே?"